நடுவில் நிற்கிற குரல்

பழைய ஆம்ப்ளிஃபயருக்கு ஸ்பீக்கர் தேடுகிறவர்கள் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். கடைக்குள் நுழைந்ததும் ஸ்பீக்கரைப் பார்க்கிறார்கள். வீட்டில் இருக்கிற ஆம்ப்ளிஃபயருக்கு என்ன வயது, அதற்கு எவ்வளவு தெம்பு மிச்சமிருக்கிறது என்று யோசிப்பதில்லை. ஒரு கல்யாணம் பேசினால்கூட இரண்டு பக்கமும் விசாரிக்கிறோம்.

நீங்கள் கேட்டது என் அண்ணன் பஹ்கத் இறந்ததைப் பற்றி. தெரியும் ஐயா, அங்கேதான் வருகிறேன். ஸ்பீக்கரில் தொடங்காவிட்டால், நான் ஏதோ கோபத்தில் செய்துவிட்டேன் என்று உங்கள் எழுத்தர் எழுதிவிடுவார். எனக்குக் கோபம் வராது. அலெக்ஸாண்ட்ரியா துறைமுகச் சுங்கத்தில் ஆயுசில் பாதியைக் கழித்தேன், ஒரு சுமைதூக்கியிடம்கூடக் குரலை உயர்த்தியதில்லை. விசாரித்துப் பாருங்கள்.

எங்கள் ஆம்ப்ளிஃபயர் அப்பா வாங்கியது. ஜெர்மனியில் செய்தது, உள்ளே பல்பு மாதிரி வால்வுகள் எரியும். பக்கத்துக்குப் பன்னிரண்டு வாட், அவ்வளவுதான். அதோடு வந்த ஸ்பீக்கர்களைக் கடல்காற்று தின்றுவிட்டது. இப்போது வருகிற ஸ்பீக்கர்கள் பார்க்கச் செருப்புப் பெட்டி மாதிரி இருக்கும், ஆனால் தீனி அதிகம். அவற்றை என் ஆம்ப்ளிஃபயரோடு கட்டினால் அது மூச்சு வாங்கும். லேசாகத் தொட்டாலே பேசுகிற ஸ்பீக்கர்தான் அதற்குப் பொருத்தம். அப்படிப்பட்டவை பெரிதாக இருக்கும். பெரிய ஸ்பீக்கருக்குப் பெரிய அறை வேண்டும். எங்கள் வீட்டில் பெரிய அறை ஒன்றே ஒன்று, டிராம் பாதையைப் பார்த்த கூடம். அதில்தான் பஹ்கத் படுத்திருந்தான்.

அவனுக்கு நுரையீரல் பெயரளவுக்குத்தான் இருந்தது. கிடைத்ததை எல்லாம் புகைத்தவன். கட்டிலுக்குப் பக்கத்தில் சக்கரம் வைத்த பெட்டி அளவுக்கு ஒரு ஆக்ஸிஜன் மிஷின் இரவும் பகலும் ஓடும். அறைக்காற்றை இழுத்து, ஆக்ஸிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். ஒரு ரீங்காரம், நடுநடுவே ஒரு புஸ். கோடையில் மின்சாரத்தை நிறுத்தும்போதெல்லாம் அது வீறிட்டுக் கத்தும். கட்டடத்தில் பாதிப் பேர் எங்கள் மிஷின் கத்துவதைக் கேட்டுத்தான் மெழுகுவர்த்தி தேடுவார்கள். அந்த நேரத்துக்காகக் கட்டில் தலைமாட்டில் ஒரு இரும்பு சிலிண்டர். என்னைக் கூப்பிட ஒரு வெண்கல மணி. குளியலறைக்குப் போய்வருகிற நேரம் மிஷின் இல்லாமல் தாங்குவான், அதற்குமேல் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள்.

அவனை நான் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். நகம் வெட்டினேன், மீனில் முள் எடுத்துக் கொடுத்தேன். அவன் மகள் லுப்னா குவைத்தில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் ஃபோனில் என்னிடம் அழுவாள், நீங்கள் இல்லாவிட்டால் அப்பா என்ன ஆவார் சித்தப்பா என்று. இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

எங்கள் இளவயதில் நஸீஹா ஷர்காவி எங்கள் ஊருக்கு வந்து ஒரே ஒரு முறை பாடினாள். அப்பாவுக்கு ஒரு டிக்கெட்தான் கிடைத்தது. பெரியவன் என்று பஹ்கத் போனான். எனக்கு அழுகையாக வந்தது, ஆனால் அழவில்லை. அந்தக் கச்சேரி பிறகு இசைத்தட்டாக வந்தது. வாங்கினேன், அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் முள்ளை வைக்கும்போதெல்லாம் பஹ்கத் அதே கதையை எடுப்பான்.

"கடைசிச் சரணத்துக்கு முன்னாடி அவ நிறுத்துவா. அரங்கத்துல ஒரு ஈ பறக்காது. அப்ப ஒரு மூச்சு எடுத்தா பாரு, டேய், அந்த மூச்சுதான்டா பாட்டு. உன் தட்டுல இருக்கறது மிச்சம் மீதி."

சிரித்துக்கொண்டுதான் சொல்வான். காப்பிக்கடையிலும் சொல்வான், என் அலுவலக நண்பர்கள் முன்னாலும் சொல்வான். அந்த மூச்சு தட்டிலும் இருக்கிறது, என் ஸ்பீக்கர்களுக்குத்தான் அதை எடுத்துத் தரத் தெம்பில்லை என்று நான் நம்பினேன். அதை ஒரு முறை கேட்டுவிட வேண்டும். ஒரு மனிதன் ஆசைப்படுவதற்கு இது அதிகம் என்று நான் நினைக்கவில்லை.

அத்தாரீன் சந்தையில் பழைய சாமான் விற்கும் ஸப்ரியிடம் ஒரு ஜோடி கிடைத்தது. ஊரைவிட்டுப் போன ஒரு கிரேக்க டாக்டர் வீட்டுச் சரக்கு. வாதுமைமரப் பெட்டி, இடுப்பு உயரம், லேசான காகிதக் கூம்பு. ஸப்ரி விற்கும்போதே எச்சரித்தான்.

"உஸ்தாத் ரிஃபாத், ஒண்ணு சொல்லிடறேன். இதுக்குப் பொய் சொல்லத் தெரியாது. பாட்டுல என்ன இருக்கோ அதையும் காட்டிக் குடுக்கும், வீட்டுல என்ன இருக்கோ அதையும் காட்டிக் குடுக்கும்."

லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஆட்கள் படி வழியாகத் தூக்கி வந்து கூடத்தில் இறக்கினார்கள். பஹ்கத் படுக்கையிலிருந்தே கையால் அளந்து பார்த்தான்.

"என்னைத் தூக்கிட்டுப் போக ஒரு பெட்டி போதாதாடா, ரெண்டு வாங்கியிருக்கே?"

அவளுடைய மூச்சைக் கேட்பதற்காக என்றேன்.

"செத்துப்போனவ மூச்சுக்கு இவ்வளவு செலவா? உயிரோட இருக்கறவன் மூச்சு இங்க ஓசியில கிடைக்குது, அதைக் கேளேன்."

கூலியாட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் புன்னகைத்தேன்.

இரண்டு ஸ்பீக்கரையும் சரியான இடத்தில் வைத்துவிட்டால் ஸ்பீக்கர்கள் இருப்பதே மறந்துபோகும். குரல் இரண்டுக்கும் நடுவே, வெறும் காற்றில் வந்து நிற்கும். ஒரு விரற்கடை தள்ளிப்போனால் பாடுகிறவளும் தள்ளிப்போவாள். நான் பல நாட்கள் அங்குலம் அங்குலமாக நகர்த்தி, தரையில் சாக்கட்டியால் குறி போட்டேன். கடைசியில் நஸீஹா சுவர்க் கடிகாரத்துக்கு நேர் கீழே வந்து நின்றாள். அதன்பிறகு அவள் அந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை.

வலது ஸ்பீக்கருக்குப் பக்கத்து மூலையில் பஹ்கத்தின் கட்டில். அதை நான் எடுக்கவில்லை, கவனியுங்கள். மெத்தையும் கம்பளியும் மூலையில் இருந்தால் அடிக்குரல் முழங்காமல் அடங்கும். அவன் அங்கே இருப்பது ஒலிக்கு நல்லது. அதை அவனிடமும் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலைக்கு உதவுகிறேன் என்று அவன் சொல்லிச் சிரித்து இருமியதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஸப்ரி சொன்னது சரிதான். ஸ்பீக்கர் நன்றாக இருந்தால் நாம் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்கிறோம். அப்படிக் கேட்டால் வீட்டின் சத்தம் பெரிதாகிறது. முதலில் அகப்பட்டது அந்த மணி. நஸீஹா மேலே போகும்போதெல்லாம் கூடவே கிணுகிணுத்தது. அதைச் சமையலறை இழுப்பறையில் போட்டேன். பஹ்கத் அன்று மாலையே தேடினான்.

"மணி எங்கடா?"

"பாட்டுக்கு இடைஞ்சலா இருக்கு அண்ணே. ஒரு குரல் குடு, வந்துடறேன்."

"குரல் குடுக்க மூச்சு வேணாமாடா?"

அது நியாயமான கேள்விதான். பதில் சொல்லலாம் என்று இருந்தேன், தட்டைத் திருப்பிப் போடுகிற நேரம் வந்துவிட்டது.

அடுத்தது சிலிண்டர். அடிக்குரலுக்கு அது உள்ளுக்குள் முனகியது. கம்பளியைச் சுற்றிப் பார்த்தேன், நிற்கவில்லை. கம்பளியோடு சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அதன்பிறகு இரண்டு சத்தங்கள்தான் பாக்கி. டிராம் அரசாங்கத்துடையது. மிஷினின் சுவிட்ச் என் கைக்கு எட்டியது.

மிஷினைப் பற்றி ஒரு விஷயம். மின்சாரம் போனால் கத்தும். நாமே சுவிட்சை அணைத்தால் கத்தாது, சத்தமில்லாமல் நின்றுவிடும். எடுத்த எடுப்பில் அணைத்துவிடவில்லை. பஹ்கத் தூங்கும்போது ஒரு பல்லவிக்கு மட்டும் நிறுத்திப் பார்த்தேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு பல்லவியும் ஒரு சரணமும். உதடு கொஞ்சம் நீலம் பாரித்தது, மிஷினைப் போட்டதும் நிறம் வந்துவிட்டது. விழித்ததும் தலை வலிக்கிறது என்றான். தேநீர் போட்டுக் கொடுத்தேன். கடைசிச் சரணம் தட்டின் முடிவில் வருகிறது. அதுவரைக்கும் மௌனம் வேண்டும் என்றால் ஒரு பக்கம் முழுவதும் வேண்டும். இதில் என் விருப்பம் எதுவும் இல்லை, தட்டு அப்படி அமைந்துவிட்டது.

வியாழக்கிழமை மதியம் மீனும் சோறும். பஹ்கத் நன்றாகச் சாப்பிட்டான், எலுமிச்சை போதாது என்று என்னைத் திட்டினான், தூங்கிப்போனான். சாயங்காலத் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. ஜன்னலைச் சாத்தினேன். வால்வுகள் சூடேறும்வரை காத்திருந்தேன். சுவிட்சை அணைத்துவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அப்படி ஒரு அமைதியை அந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை. பக்கவாத்தியக்காரர்கள் நாற்காலியில் அசைவதுகூடக் கேட்டது. இரண்டாவது சரணத்தில் பஹ்கத்தின் கை கட்டில் ஓரத்தில் அசைந்தது. முன்பு மணி இருந்த இடத்தை விரல்கள் தடவித் தடவித் தட்டின. தாளம் போடுகிறான் என்று எடுத்துக்கொண்டேன். அவனுக்கும் அந்தப் பாட்டு பிடிக்கும், அதை யாரும் மறுக்க முடியாது.

கடைசிச் சரணத்துக்கு முன்னால் அவள் நிறுத்தினாள். அரங்கம் நிறுத்தியது. அப்போது அந்த மூச்சைக் கேட்டேன். நீளமாக, அடித்தொண்டையிலிருந்து, பக்கத்தில் நின்று எடுத்தது போல. அண்ணன் சொன்னது உண்மை என்று தோன்றியது. எனக்குக் கண்ணீர் வந்தது. அத்தனை வருஷத்துக்குப் பிறகு நானும் அந்த அரங்கத்தில் இருந்தேன்.

பாட்டு முடிந்து எழுந்தபோது அவன் போயிருந்தான். மிஷினைப் போட்டேன், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன், மின்சாரம் போய்விட்டது, நான் தூங்கிவிட்டேன் என்று சொன்னேன். இந்தக் கோடையில் அப்படிச் சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. மறுநாள் ஜும்ஆவுக்குப் பிறகு அடக்கம் செய்தோம். லுப்னா வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள்.

மூன்றாம் நாள் துக்கம் விசாரிக்கிறவர்கள் போய், வாடகை நாற்காலிகளையும் எடுத்துப் போனபிறகு, நான் அந்தத் தட்டை மறுபடி போட்டேன். துக்க வீட்டில் பாட்டு போடக்கூடாது என்று எனக்கும் தெரியும். மெதுவாகத்தான் வைத்தேன், அந்த ஓர் இடத்தை மட்டும் கேட்கலாம் என்று. அவள் நிறுத்தினாள். அரங்கம் நிறுத்தியது. பிறகு சரணம் தொடங்கிவிட்டது. முள்ளைத் துடைத்து மறுபடி வைத்தேன். மூச்சு இல்லை.

கீழ்வீட்டு மதாம் தவ்லத் கதவைத் தட்டினாள். வழக்கமாக என்னிடம் மரியாதையாகப் பேசுகிறவள்.

"என்ன உஸ்தாத், இன்னும் மண்ணுகூடக் காயல. அதுக்குள்ள பாட்டா?"

லுப்னா உள்ளேயிருந்து வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் தவ்லத்துக்கு மனசு இளகிவிட்டது. ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள்.

"வியாழக்கிழமையும் இதே பாட்டுதாம்மா. காய்கறிப் பையோட படியிலயே நின்னு கடைசி வரைக்கும் கேட்டேன். அவ்வளவு அமைதியா இருந்துச்சு. உங்கப்பா பாட்டக் கேட்டுக்கிட்டே போயிருக்காருன்னு மனசத் தேத்திக்கிட்டேன்."

லுப்னா என்னைப் பார்த்தாள்.

"கரண்டு போச்சுன்னு சொன்னீங்களே, சித்தப்பா."

"கரண்டு போனா அந்த மிஷினு கட்டடத்தையே கூட்டிடுமே," என்றாள் தவ்லத். "அன்னிக்கு அது கத்தவே இல்லையேம்மா."

லுப்னா திரும்பிச் சமையலறைக்குப் போனாள். சிலிண்டரின் கம்பளியை விலக்குவது கேட்டது, பிறகு இழுப்பறை திறப்பது. மணியை எடுத்து ஒரு முறை அடித்துப் பார்த்தாள். கூடம் வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

ஸ்பீக்கர்களை நீங்கள் சாட்சிப் பொருளாகக் கொண்டுபோய் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். ஈரச் சுவரில் சாய்க்க வேண்டாம், காகிதம் கெட்டுவிடும். அவற்றின்மேல் எந்தக் குறையும் இல்லை. தட்டில் அந்த மூச்சு இல்லாதபோது முதலில் ஸப்ரியைத்தான் மனதுக்குள் திட்டினேன், அது என் தவறு. பஹ்கத் சொன்னதும் சரி, என் தட்டில் மிச்சம் மீதிதான் இருந்தது.

நீங்கள் நேரடியாகக் கேட்டீர்கள், நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் கேட்டது யாருடைய மூச்சு என்று பிறகுதான் புரிந்தது என நான் சொன்னால் நம்புவீர்கள். ஆனால் நஸீஹா எப்போதும் நடுவில்தான் நிற்பாள், அவளை அங்கே நிறுத்தியவன் நான். அந்த மூச்சு வலது பக்கத்திலிருந்து, கட்டில் இருந்த மூலையிலிருந்து வந்தது. அது எனக்கு அப்போதே தெரியும், ஐயா. கடைசிச் சரணம் பாக்கி இருந்தது. அதைக் கேட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.