ஏழு நாட்டுச் சங்கமும் அக்காவின் இரண்டு தம்பிகளும்

அரியாங்குப்பத்திலிருந்து வந்த டவுன் பஸ்ஸில், என் முன் இருக்கையில் ஓர் அம்மாள்; இரு பக்கமும் அவளுடைய தம்பிகள். பெரியவர் பேப்பரை மடித்தார்.

“பக்கத்து பக்கத்து நாடு ஏழும் சேந்து சங்கம் வச்சிருக்கானுங்க. ஆனா ரெண்டு நாட்டுக்குள்ள இருக்கிற தகராற மட்டும் அங்க பேசக்கூடாதாம். அவன்கிட்ட சொல்லுக்கா.”

“தகராறப் பேசாம என்னாத்துக்கு சங்கம்? டீ குடிச்சிட்டு போட்டோ புடிச்சிக்கவா? அவரையே கேளுக்கா.”

“வெக்கங்கெட்டவனுங்க. அதையும் சொல்லுக்கா.”

ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்ததும் அக்கா எழுந்தாள்.

“அம்மா முன்னாடி அந்தக் கெணத்து தகராற ரெண்டு பேரும் எடுக்காதீங்க. ஒட்டி நின்னு சிரிங்க, போதும். அது பாத்துட்டு நிம்மதியா கண்ண மூடட்டும்.”