முப்பத்தெட்டாம் நம்பர் எலி

மாரித்: மனித குலத்துக்கு ஓர் அறிவிப்பு. எழுந்து நில்லுங்க, ஒட்வார்.

ஒட்வார்: நின்னுக்கிட்டுத்தான் கூண்டு கழுவுறேன், டாக்டரம்மா. கையெல்லாம் எலிப் புழுக்கை. மனித குலம் கோவிச்சுக்குமா?

மாரித்: தனிமையை அணைக்கிற சுவிட்ச் கிடைச்சிருக்கு.

ஒட்வார்: யார்கிட்ட?

மாரித்: முப்பத்தெட்டாம் நம்பர் எலிகிட்ட.

ஒட்வார்: எலிகிட்டயா?

மாரித்: பன்னிரண்டு எலி. ஒவ்வொண்ணும் தனிக் கூண்டுல, ஆறு வாரம். தனிமை தாங்காம மூளையில ஒரு மரபணு விழிச்சுக்கும். அதோட மின்மினிப்பூச்சி மரபணுவை ஒட்டி வெச்சிருக்கோம்...

ஒட்வார்: அது விழிச்சா இது மினுங்கும். பதினாலு வருஷமா உங்களுக்கெல்லாம் எலி வளக்குறேன். சுருக்கிச் சொல்லுங்க.

மாரித்: கேமராவுல பதினொண்ணு மினுங்குது. முப்பத்தெட்டு மட்டும் கும்மிருட்டு.

ஒட்வார்: கேமரா ரிப்பேரா இருக்கும்.

மாரித்: மூணு தடவை எடுத்தாச்சு. நம்ம பேராசிரியர் கருத்தரங்குப் பேச்சுக்குத் தலைப்பே வெச்சுட்டார். 'தனிமையின் முடிவு'.

ஒட்வார்: அவரு அந்த எலியைப் பாத்திருக்காரா?

மாரித்: படத்துல... இந்தத் தாள்ல கையெழுத்துப் போடுங்க. 'கூண்டு மாற்றும்போது தவிர ஆறு வாரமும் எலியை யாரும் தொடவில்லை.' இது இருந்தா எனக்கு இன்னும் மூணு வருஷம் வேலை. இல்லேன்னா ஈஸ்டரோட பெட்டி கட்டணும்.

ஒட்வார்: பேனா எழுதலை.

மாரித்: மூடியைத் திறந்தா எழுதும்.

ஒட்வார்: ...நீங்கள்லாம் மதியச் சாப்பாடு மாடியில சாப்பிடுறீங்க.

மாரித்: நீங்களும் வரலாமே.

ஒட்வார்: ஒரு தடவை வந்தேன். எலி நாத்தம்னு யாரும் சொல்லலை. ஜன்னலைத் திறந்தாங்க. ஜனவரி மாசம், வெளியில பனி கொட்டுது.

மாரித்: அதுக்கும் இதுக்கும்...

ஒட்வார்: பதினொன்றரைக்கு இங்க ரொட்டியைப் பிரிப்பேன். முப்பத்தெட்டு கூண்டு மூடிகிட்ட வந்து நிக்கும். பழுப்புச் சீஸ்னா அதுக்கு உயிர். எலியை எடுத்துச் சட்டைப் பையில விட்டுக்குவேன். அரை மணி நேரம்... நான் பேசுவேன், அது கேக்கும்.

மாரித்: தினமுமா?

ஒட்வார்: திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும். சனி, ஞாயிறு எனக்கு லீவு. ஆனா திங்கக்கிழமை வந்து பாத்தா அந்தக் கூண்டுல மட்டும் ஆப்பிள் தோல் கிடக்கும். வாரக்கடைசி ஆளு போட்டதா இருக்கும்னு துடைச்சு எறிஞ்சிடுவேன். திட்டுங்க, டாக்டரம்மா. சும்மா இருக்காதீங்க.

மாரித்: தாளைக் குடுங்க.

ஒட்வார்: கிழிக்கிறீங்களே... என் பேருக்குக் கீழ இன்னொரு கையெழுத்துக்கு இடம் இருக்கே, அங்க வேற யாராவது போட மாட்டாங்களா?

மாரித்: கீழ இருக்குற இடம் என் கையெழுத்துக்கு. நானும் போட முடியாது. கூண்டு மூடியைத் திறந்ததும் எலி தானா வந்து கையில ஏறுச்சு. யாரு பழக்குனாங்கன்னு அப்ப யோசிக்கலை.

ஒட்வார்: எப்ப?

மாரித்: ஞாயித்துக்கிழமை இந்தப் பெர்கன் ஊர்ல எல்லாரும் குடும்பத்தோட மலை ஏறப் போயிடுறாங்க. ஆப்பிள் தோல் நான் போட்டது.