வெள்ளையா விட்ட பள்ளத்தாக்கு

இல்லைங்க, மரத்துப்போக இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரைக்கும் சாஞ்சிருங்க. வலிச்சா இடது கையைத் தூக்குங்க, அது போதும். பேச முயற்சி பண்ணாதீங்க, நாக்கைக் கடிச்சுக்குவீங்க. நான் பேசிக்கிறேன்.

பேரைக் கேட்டதும் எதுக்குச் சிரிச்சேன்னுதானே பார்க்கிறீங்க? உங்க புத்தக அட்டைக்குப் பின்னாடி போட்டிருக்கிற படத்துல மீசையோட இருக்கீங்க. இப்ப எடுத்துட்டீங்க, அதான் உள்ள வரும்போது எனக்குப் பிடிபடலை. ஆமா, அந்தப் புத்தகம்தான். ஏழாறு நாடு, பகடை உருட்டிக் கதையா ஆடுற ஆட்டம். மாடியில ஒரு அலமாரி முழுக்க வச்சிருக்கேன். உடனே கண்ணை விரிக்காதீங்க, ரசிகைன்னு நினைச்சுக்கப் போறீங்க. அந்த அலமாரியைப் பார்த்தாலே இப்பெல்லாம் எனக்குக் குமட்டுது. நான் பல் டாக்டர். சும்மா எதைப் பார்த்தும் குமட்டுற ஆள் இல்லை.

வாயை இன்னும் கொஞ்சம் திறங்க. கடைவாய்ப்பல் பாதி போயிருச்சே. எதைக் கடிச்சீங்க? சரி, சொல்ல வேண்டாம்.

எங்க ஆட்டம் எப்படின்னு சொல்றேன். உங்களுக்குத் தெரியாதுன்னு இல்லை. ஆனா நீங்க எழுதுறவரே தவிர ஆடுறவர் இல்லைன்னு நாலு பக்கம் படிச்சாலே தெரிஞ்சிடும். ஞாயித்துக்கிழமை கிளினிக் லீவு. வெளியில நீங்க உட்கார்ந்திருந்தீங்களே, அந்த ரூம்லதான் ஆடுவோம். பழைய பத்திரிகையெல்லாம் தூக்கிக் கீழ வச்சுட்டு மேசை மேல உங்க வரைபடத்தை விரிப்போம். ஆளுக்கு ஒரு வேஷம்: பல் செட் செஞ்சு தர்றவர் ஒருத்தர், அவர் போர்வீரன். கணக்கு ஆபீஸ்காரர் ஒருத்தர், அவர் சாமியார். ஸ்கூல் வேன் ஓட்டுற அக்கா மந்திரக்காரி. அப்புறம் ஒரு சின்னப் பொண்ணு, அவ திருடி. இந்த நாலு பேரைத் தவிர அந்த உலகத்துல இருக்கிற ராஜா, கடைக்காரன், நாய், மழை எல்லாம் நான்தான். என் வாயாலதான் எல்லாரும் பேசணும். சண்டைன்னா பகடை உருட்டுவோம். மத்ததெல்லாம் பேச்சுத்தான்.

இன்னும் ஒரு ஊசி போடுறேன், கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும். இருந்துச்சா? நல்லது.

நீங்க முதல் முதல்ல போட்ட ஆட்டப் பெட்டி நல்லா இருந்துச்சுங்க, அதை நான் இல்லைன்னு சொல்லமாட்டேன். ஒரு வரைபடம், ஒரு ஒல்லிப் புத்தகம். இந்த ஊர்ல இப்படி ஒரு பிரச்சினை, அந்தக் காட்டுல அப்படி ஒரு ஆள், மீதியை நீங்களே பார்த்துக்கோங்கன்னு விட்டீங்க. அதோட நிறுத்தியிருக்கலாம்ல? வந்துக்கிட்டே இருந்துச்சு. ஊருக்கு ஒரு புத்தகம். சாமிக்கு ஒரு புத்தகம். பூட்டு வகைகள்னு ஒரு அத்தியாயம், அதுல பாதி பூட்டுக்குப் படம். வடக்குக் கோட்டையில ரொட்டி என்ன விலை, தெற்குக் கோட்டையில என்ன விலை. யாருங்க கேட்டா? பொண்ணைக் கட்டிக் குடுக்கிற இடம் மாதிரி அந்த ராஜா குடும்பத்தோட மாமன் மச்சான் வரைக்கும் விசாரிச்சு வச்சிருக்கீங்க. ஆனா மூணாவது புத்தகத்துல மலையிலிருந்து இறங்குற ஆறு, ஆறாவது புத்தகத்துல மலை மேல ஏறுது. அதைத் திருத்த ஒருத்தருக்கும் நேரம் இல்லை.

அதைவிடக் கேவலம் நாங்க ஆடுறதுக்குன்னு நீங்க எழுதின அந்தக் கதைப் புத்தகங்க. எங்க நாலு பேரும் ராத்திரி பகல் பார்க்காம நடந்து கோபுரத்துக்குப் போவாங்க. போனா அங்க உங்க வெள்ளித்தாடி மந்திரவாதி நிப்பார். அவரே சண்டை போடுவார், அவரே ஜெயிப்பார், அவரே ஒரு பக்கத்துக்குப் பேசுவார். நாங்க கை தட்டிட்டு வரணும். வேன் ஓட்டுற அக்கா ஒரு நாள் கேட்டாங்க, இவரே எல்லாத்தையும் பண்றதுன்னா நாம எதுக்கு வந்தோம், வீட்ல துணி துவைக்கக் கிடக்குன்னாங்க. எல்லாரும் சேர்ந்து விளையாடறதுக்குன்னு நீங்க ஒரு உலகத்தைப் பண்ணீங்க. அப்புறம் நீங்களே உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டீங்க. சீ.

கையை எதுக்குத் தூக்குறீங்க? வலிக்குதா? இல்லையா? அப்ப கீழ போடுங்க. பதில் சொல்றதுக்கெல்லாம் கை தூக்கக்கூடாது.

எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. நான் போட்டதுதான். ஆரம்பத்துல ஒரு பாலம் கோட்டைக்குக் கிழக்கேயா மேற்கேயான்னு சண்டை வந்து, பல் செட்காரர் பகடையைப் பொறுக்கிக்கிட்டுக் கிளம்பிட்டார். பெரிய மனுஷன், பேரன் இருக்கு. அவரைச் சமாதானப்படுத்திக் கூட்டிட்டு வந்து சொன்னேன், இனிமே அச்சுல வந்தது செல்லும், அச்சுல இல்லாததுக்கு நான் சொல்றது செல்லும். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. அதுக்கப்புறம் சண்டை இல்லை. எனக்குப் பிடிக்காததா இருந்தாலும் அச்சுல இருந்தா அப்படியே நடத்தியிருக்கேன். அந்த ரொட்டி விலையைக்கூட.

துப்புங்க. தண்ணி ஊத்திக் கொப்புளிங்க. என்ன சொன்னீங்க? புத்தகம் போடுற கம்பெனி கேட்டுச்சா? புது வரைபடம் விக்கணும்னாங்களா? இருக்கட்டும். அட்டையில கம்பெனி படமா இருக்கு? உங்க படம்தானே இருக்கு. சாஞ்சுக்கோங்க.

இப்ப நரம்பை எடுக்கப் போறேன். அசையாதீங்க. பயப்பட வேண்டாம், கோவத்துல எனக்குக் கை நடுங்காது.

முதல் பெட்டியில, வரைபடத்தோட கீழ் மூலையில ஒரு பள்ளத்தாக்கை வெள்ளையா விட்டிருந்தீங்க, ஞாபகம் இருக்கா? இதைப் பத்தி நாங்க எந்தப் புத்தகத்துலயும் எழுத மாட்டோம், இது ஆடுறவங்களுக்குன்னு விட்ட இடம்னு போட்டிருந்தீங்க. நீங்களே எழுதின வரி. நாங்க அதை நம்பினோம். அங்க ஒரு ஊர் கட்டினோம். பெரிய ஊர் ஒண்ணும் இல்லை. ஒரு ஆறு, ரெண்டு பக்கமும் வீடுங்க, நடுவுல ஆளுங்களை ஏத்தி இறக்குற படகு. பாலம் கட்ட ஊர்க்காரங்க ஒத்துக்கமாட்டாங்க, ஏன்னா படகுக்காரிக்குப் பொழைப்புப் போயிடும். கணக்கு ஆபீஸ்காரர் அதுக்கு ஊர்க்கூட்டம் போட்டு ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்கத் தீர்மானம் பேசினார். எங்களுக்கு அதுல ஒரு சந்தோஷம்.

அந்தப் படகுக்காரி நான்தான். முரட்டுக் குரல்ல பேசுவேன். திருடிப் பொண்ணு இருக்காளே, அவளுக்கு அந்தப் படகுன்னா உசிரு. மத்தவங்க சந்தைக்குப் போவாங்க, இவ படகுலயே உட்கார்ந்துக்குவா. இக்கரை, அக்கரைன்னு போய்க்கிட்டே பேசுவா. புதுசா ஒரு வாத்தியார்கிட்ட பூட்டுத் திறக்கக் கத்துக்கறேன், எரிஞ்சு விழறார்னுவா. ஜுரமா இருந்துச்சுன்னுவா. பெரிய வீடு ஒண்ணுல உள்ள நுழையப் போறேன், பயமா இருக்குன்னுவா. படகுக்காரி சொல்லுவா, மொதல்ல சாப்பிட்டியா, இருமல் இன்னும் இருக்கே, துண்டை நல்லா போத்திக்கோ. உங்க மந்திரவாதி வர்ற இடத்துல ஒருத்தரும் அழுததில்லை. இங்க ஒரு தடவை பல் செட்காரரே மூக்கை உறிஞ்சினார்.

இன்னும் கொஞ்சம்தான். அவ்வளவுதான், வந்துருச்சு. பார்க்கிறீங்களா? இந்த நூல் மாதிரி இருக்கிறதுதான் உங்களைத் தூங்க விடாம பண்ணினது.

அப்புறம் இந்தப் புதுப் புத்தகம் வந்துச்சு. பல் செட்காரர்தான் முதல்ல வாங்கிட்டு வந்தார், ஆசையாப் பிரிச்சார். மலை மேல இருந்த ஏரி உடைஞ்சு பள்ளத்தாக்கு மொத்தமும் மூழ்கிருச்சு, அங்க இருந்த ஊர்களைப் பத்தி இனிமே யாருக்கும் தெரியாது, யாரும் தப்பலை. மூணு வரிங்க. பூட்டுக்கு அத்தனை பக்கம் குடுத்தீங்க, ஒரு ஊரை மூழ்கடிக்க மூணு வரி. வெள்ளை இருந்த இடத்துல நீலத்தை அடிச்சு அதுக்கு மேல ஒரு கப்பல் படம் வேற. படிக்கும்போது எனக்கு உடம்பெல்லாம் அருவருத்துப் போச்சு. அடுத்தவங்க வீட்டுக்குள்ள செருப்புக் காலோட வந்து அடுப்புல தண்ணியை ஊத்திட்டுப் போற மாதிரி இருந்துச்சு. உங்களுக்குத் தேவையே இல்லாத இடம்ங்க அது. குடுத்ததைத்தான் திருப்பி எடுத்துக்கிட்டீங்க.

பல் செட்காரருக்கே முகம் செத்துப்போச்சு. என்ன பண்றது, அச்சுல வந்துருச்சேன்னார். அந்தப் பொண்ணு புது வரைபடத்தையே பார்த்துக்கிட்டிருந்தா. அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, படகுக்காரிக்கு நீந்தத் தெரியுமான்னு கேட்டா. நான் என்ன சொல்லியிருக்கணும்? தெரியும்னு சொல்லியிருக்கணும். சட்டம் போட்டவ நான், எனக்கு வேண்டியதுக்காக நானே மீறினா இத்தனை நாள் மத்தவங்களை அடக்கினதுக்கு என்ன அர்த்தம்னு ஒரு புத்தி வந்து குறுக்க நின்னுச்சு. யாரும் தப்பலைன்னு அச்சுல இருக்கு, அப்படின்னேன். அவ்வளவுதான். பகடையை டப்பாவுல போட்டுக்கிட்டு எழுந்து போயிட்டா. போன ஞாயித்துக்கிழமை.

மெதுவாக் கடிச்சுப் பாருங்க. உயரமா இருக்கா? இல்லையா? நல்லது. இது தற்காலிக அடைப்புதான். உங்க அக்கா வீட்ல திங்கட்கிழமை வரைக்கும் இருப்பேன்னு சொன்னீங்க இல்ல? அப்ப ஞாயித்துக்கிழமை காலையில வாங்க. ஆமா, லீவுதான், உங்களுக்காகத் திறக்கிறேன். மேசையில நாங்க உட்கார்ந்திருப்போம். முதல் ஊசி போட்டுட்டு வெளியில போனேனே, அப்ப எல்லாருக்கும் போன் பண்ணிட்டேன்; வேன் ஓட்டுற அக்கா அந்தப் பொண்ணை எப்படியாவது வண்டியில ஏத்திக் கூட்டிட்டு வந்துடறேன்னு சொல்லியிருக்காங்க. நீங்க வாயால சொன்னா அது அச்சுல வந்த மாதிரிதான்னு பல் செட்காரர்கிட்டயும் பேசி வச்சுட்டேன்.

எதுக்கு இவ்வளவுன்னு பார்க்கிறீங்க. அவ என் பொண்ணுங்க. நானும் அவ அப்பாவும் பிரிஞ்சப்ப அவர்கூடப் போயிட்டா. போன் எடுக்கமாட்டா, தெருவுல பார்த்தா அந்தப் பக்கம் போயிடுவா. மத்த மூணு பேருக்காக ஞாயித்துக்கிழமை மட்டும் வருவா. அவளுக்கு ஜுரம் வந்தது, காலேஜ்ல வாத்தியார் திட்டினது, வேலைக்கு இன்டர்வியூ போகப் பயந்தது எல்லாம் எனக்குப் படகுலதான் தெரியும். அந்த இன்டர்வியூ என்னாச்சுன்னு இன்னும் தெரியலை.

படகுக்காரிக்கு நீந்தத் தெரியும்னு மட்டும் சொல்லிடுங்க. அந்தப் பக்கம் இன்னிக்கு எதையும் மெல்லாதீங்க.