மச்சம் சாப்பிடும் செடி

"எங்கட வீட்டில மச்சம், மாமிசம் சாப்பிடுறது இது ஒண்டுதான், மேரி."

வெள்ளவத்தையில் பஸ் ஏறி என் முன் இருக்கையில் அமர்ந்த பெண், மடியிலிருந்த பூச்சாடியைக் காட்டிச் சொன்னார். செடியின் இலை நுனிகளில் விரலளவு குடுவை போன்ற கெண்டிகள் தொங்கின. பக்கத்தில் இருந்த மேரியின் கழுத்தில் சின்னச் சிலுவை.

"இதுவா? எப்பிடி, சாந்தியக்கா?"

"வாயில தேன் மாதிரி ஒண்டு இருக்கு. அதுக்கு ஈ வரும். விளிம்பில வழுக்கி உள்ள விழும். உள்பக்கம் மெழுகு மாதிரி, திரும்பி ஏற ஏலாது. அடியில இருக்கிற தண்ணியில கரைஞ்சு போயிரும்."

"பாவம்."

"மாமியும் அதைத்தான் சொன்னவ. சைவ வீட்டில இது கூடாதாம். நான் வேற சாமியறை ஜன்னலில வச்சிருந்தனான். நீங்க கொட்டாஞ்சேனைக்கு, உங்கட வீட்டுக்குக் கொண்டு போங்கோ."

சாந்தி சாடியை நீட்டினார். மேரி வாங்கவில்லை.

"அக்கா, எங்களுக்கு இப்ப தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் எங்கட வீட்டிலயும் இறைச்சி இல்ல."

"ஈ இறைச்சியோ?"

"அப்ப உங்கட மாமிக்கு மட்டும் இறைச்சியோ?"

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். சாந்தி ஒரு கெண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"காலமையில இருந்து ரெண்டு எறும்புதான்," என்றார், சரியாகச் சாப்பிடாத பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

பம்பலப்பிட்டியில் பஸ் நின்றதும் சாடியை அணைத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க போறீங்க?"

"திரும்பி வீட்டுக்கு."

"மாமியிட்ட என்ன சொல்லுவீங்க?"

"கொட்டாஞ்சேனையிலயும் மச்சம் கிடைக்காதாம் எண்டு சொல்லுவன்."