சிப்பி யாரிடம்?

குச்சவெளியிலிருந்து திருகோணமலைக்கு வந்த பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் பாலர் பாடசாலைப் பயிற்சி ஆசிரியைகள் இருவர்.

"என்ர பாடத்தைப் பாத்துப் புள்ளி போட வந்த மேடத்தையே பிள்ளையள் வாயை மூடச் சொல்லிட்டுதுகள்" என்றாள் சன்னலோரம் இருந்தவள்.

"ஐயோ, ஏன்?"

"வட்டமா இருத்தி, சிப்பி வச்சிருக்கிற ஆள் மட்டும்தான் கதைக்கலாம் எண்டு நான்தான் சொன்னனான். மூண்டு மாதமா வாயே திறக்காத ஒரு பிள்ளையிட்ட சிப்பி போயிட்டுது. அவள் சிப்பியைத் தடவிக்கொண்டே இருக்கிறாள். எனக்கும் வாய் திறந்து கேக்க ஏலாது, சிப்பி என்னட்ட இல்லையே. மேடம் பின்னால இருந்து, 'அடுத்த பிள்ளையிட்ட குடுங்கோ' எண்டவ. எல்லாப் பிள்ளையளும் திரும்பி, வாயில விரலை வச்சு, 'உஷ்' எண்டதுகள்."

"அப்ப உமக்குப் புள்ளி போச்சு."

"போகட்டும். பிறகு அவள் தன்ர பேரைச் சொன்னவள்."