அனுப்பாமல் அழித்தவை

இணையத்தளத்துக்கு வருகிறவர்களை எண்ணுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. காத்தான்குடியில் மஜீட் காக்காவின் புடவைக்கடை வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தால் யாரும் செய்யக்கூடிய வேலை அது. எத்தனை பேர் உள்ளே போனார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள். ஆனால் அதை மட்டும் நம்பி வியாபாரம் செய்தால் கடையைப் பூட்டவேண்டியதுதான் என்று மஜீட் காக்காவே சொல்லுவார். நம்முடைய பெண்கள் இருக்கிற புடவையெல்லாம் விரிக்கச் சொல்லிப் பார்த்து, மடிக்கிறவனின் கை ஓய்ந்த பிறகு, "மறுகா வாறம் காக்கா" என்று சிரித்துக்கொண்டு வெளியே வருவார்கள். எண்ணிக்கையில் அவர்களும் வாடிக்கையாளர்தான்.

"தம்பி, அவ கேட்ட புடவையப் பாக்காத. போற நேரம் ரெண்டாந்தரம் தொட்டுப் பாத்தது எதெண்டு பாரு. அதுலதான் அவட மனசு இரிக்கும்" என்பார் அவர். எந்தப் படிப்பிலும் இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அஜந்தா தங்கச்சி, தளத்தை உங்களிடம் ஒப்படைத்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை, அதற்குள் வந்து கேட்கிறீர்கள்: "ஏன் அண்ணன், பெரியகல்லாற்று ரதீஸ்ட பக்கத்துல மட்டும் இவ்வளவு கூடுதல் நிரல் வரி எழுதி வச்சிரிக்கிறீங்க?" கெட்டிக்காரி. எனக்கு வேலை தந்தவர்கள் யாரும் அந்த வரிகளைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. சொல்கிறேன். ஒளிப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை.

சண்டை முடிந்த அடுத்த வருடம் இந்தத் தளத்தைத் தொடங்கினோம். காணாமல் போனவர்களின் படம், பெயர், ஊர், கடைசியாகக் கண்ட இடம். சுனாமியில் போனவர்களும் இருந்தார்கள், சண்டையில் போனவர்களும் இருந்தார்கள். குடும்பத்தார் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. படத்துக்குக் கீழே ஒரு பெட்டி. விவரம் தெரிந்தவர்கள் எழுதி, 'அனுப்பு' என்பதை அழுத்தினால் அது என்னுடைய மின்னஞ்சலுக்கு வரும். நான் குடும்பத்துக்குச் சொல்வேன்.

அந்தக் காலத்தில் "உங்கட மகன் இன்ன முகாமில இரிக்கிறான், காசு அனுப்புங்க" என்று ஏமாற்றுகிறவர்கள் மழைக்காலத்து ஈசல் மாதிரி. அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கேள்வி வைத்தோம், உண்மையான ஆளுக்கு மட்டும் விடை தெரிந்த கேள்வி. விடையைக் குடும்பத்தார் எங்களுக்கும் சொல்லமாட்டார்கள். வருகிற பதிலை அவர்களே பார்த்துச் சரி பிழை சொல்வார்கள். கஜானி கொடுத்த கேள்வி: 'என்னை வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள்?'

கஜானி, ரதீஸின் மனைவி. சுனாமி அவளுடைய தாயையும் சின்ன மகனையும் கொண்டு போனது. அன்று ரதீஸ் வாவிக்குள் தோணியில் இருந்ததால் தப்பினான். பிறகு அதே வாவிக்கு ஒருநாள் வலை வீசப் போனவன் திரும்பவில்லை. தோணி மட்டும் கரையோரக் கண்ணாப் பற்றைக்குள் செருகிக் கிடந்தது. யார் கொண்டு போனார்கள் என்று கேட்கக்கூட ஆட்கள் பயந்த காலம்.

எனக்குக் கஜானியைப் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்திலிருந்தே பிடிக்கும். அதைச் சொல்வதற்கு நான் நல்ல வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், ரதீஸ் ஒரு கோர்வை மீனோடு அவளுடைய தாயைப் போய்ப் பார்த்துவிட்டான். மீனை வெல்ல எந்தக் கவிதையாலும் முடியாது.

பணம் தந்த வெளிநாட்டு அமைப்பின் அம்மணி ஒருமுறை வந்து, "ஆயிரக்கணக்கில் வருகிறார்கள், பத்துப் பேர்கூட எழுதுவதில்லை, ஏன்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. வருகைக் கணக்குக் கருவி தானாக அதைச் சொல்லாது. நாம்தான் அதற்குச் சொல்லிக் கொடுக்கவேண்டும்: படத்தைப் பெரிதாக்கினால் எனக்குச் சொல்லு, எங்கள் அலுவலகத் தொலைபேசி எண்ணில் கை வைத்தால் சொல்லு, பெட்டிக்குள் எழுதத் தொடங்கினால் சொல்லு. ஒவ்வொன்றுக்கும் நாமே ஒரு பெயர் வைக்கலாம். எல்லாப் பக்கத்துக்கும் அவ்வளவுதான் செய்தேன். ரதீஸின் பக்கத்துக்கு மட்டும் ஒருபடி மேலே போனேன். பெட்டிக்குள் என்ன எழுதினார்கள் என்பதையும், அனுப்பாமல் அழித்தாலும், எனக்குச் சொல்லச் சொன்னேன். கஜானிக்கு ஒரு தகவலும் தவறிவிடக்கூடாது என்கிற அக்கறைதான்.

அப்படித்தான் கோலாலம்பூரிலிருந்து வருகிறவரைக் கண்டேன். கருவி பெயர் சொல்லாது, ஊர் மட்டும் சொல்லும். அவர் வேறு எந்தப் படத்தையும் திறப்பதில்லை. ரதீஸின் படத்தையும் பெரிதாக்குவதில்லை. தன் முகத்தை யார் பெரிதாக்கிப் பார்ப்பார்கள்? கீழே இறங்கி, தகவல் தருகிறவர் என்று கஜானியின் பெயர் போட்டிருக்கிற இடத்தில் நிற்பார். பிறகு பெட்டிக்குள் கேள்விக்கு விடை எழுதுவார்: நெத்தலி. அழிப்பார். போவார். அடுத்த நாள் மறுபடி வந்து நெத்தலி என்று எழுதுவார், அழிப்பார்.

கஜானி அந்த மீனைப் போல ஒல்லியானவள். எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு நாள் யோசித்தும் எனக்கு இப்படியொரு பொருத்தமான பெயர் தோன்றவில்லையே.

அவளிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எதைச் சொல்வது? அழித்த எழுத்து தகவல் ஆகுமா? அந்த மனிதரே அனுப்ப விரும்பாததை நான் அனுப்புவது நாகரிகம் இல்லை. அவர் மனதை நான் மதித்தேன். கஜானி அந்த நாட்களில் கிழமைக்கு ஒருமுறை பஸ் ஏறி மட்டக்களப்புக்கு வந்து, என் மேசைக்கு முன்னால் இருந்து, "ஏதும் வந்ததா உதயன் அண்ணன்?" என்று கேட்பாள். ஒன்றும் வரவில்லை என்பேன். உண்மைதானே. வரவில்லை.

பிறகு ஒருநாள் அவர் 'அனுப்பு' என்பதை அழுத்திவிட்டார். உயிரோடு இருப்பதாகவும், பிடித்தவர்களிடமிருந்து தப்பி எங்கெல்லாமோ அலைந்து மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுவதாகவும், பாஸ்போட், கடிதாசி ஒன்றும் இல்லாததால் வர முடியவில்லை என்றும், கஜானியின் நம்பரைத் தந்தால் போதும் என்றும் எழுதியிருந்தார். கேள்விக்கு விடையாக அதே நெத்தலியை எழுதியிருந்தார். பரீட்சை வைத்தால் சித்தி அடைந்திருப்பார்.

நான் உடனே பதில் எழுதினேன். தகவல் கேட்டவர்களைக் காக்க வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. கஜானி மறுமணம் செய்துகொண்டு நிம்மதியாக இருக்கிறாள், இந்த நேரத்தில் தொந்தரவு செய்யாமல் இருப்பதே அவளுக்குச் செய்யும் நன்மை என்று மரியாதையாக எழுதினேன். அதைப் பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கொஞ்சம் முந்தி எழுதிவிட்டேன், அவ்வளவுதான். அடுத்த வருடம் எல்லாம் சரியாகிவிட்டது.

சரியாவதற்கு ஒரு வேலை மிச்சம் இருந்தது. காத்துக்கொண்டிருக்கிற பெண் எப்படி வாழ்வாள்? நெற்றியில் பொட்டும் இருக்கிறது, பக்கத்தில் ஆளும் இல்லை. அவளுடைய மாமா தங்கராசா வந்திருந்த நாளாகப் பார்த்துப் பெரியகல்லாற்றுக்குப் போனேன். புனர்வாழ்வு முகாமிலிருந்து விடுதலையான ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார், கடைசிச் சண்டையில் ரதீஸ் செல் குண்டு விழுந்து இறந்ததைக் கண்ணால் கண்டவராம், அவர் இப்போது வெளிநாடு போய்விட்டார் என்று சொன்னேன்.

தங்கராசா தலையில் கை வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். கஜானி அழவில்லை. என் முகத்தைப் பார்த்து ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அவர் அண்டைக்கு ஏதும் சாப்பிட்டவராமா?"

"ஓம், கஞ்சி குடிச்சவராம்" என்றேன்.

வேறொருவனாக இருந்தால் தெரியாது என்று சொல்லியிருப்பான். அந்த இடத்தில் எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது. பிறகு உடல் இல்லாமல் படத்தை வைத்துக் கிரியை செய்து, முப்பத்தோராம் நாள் அமுது கொடுத்தார்கள். பந்தியில் நானும் பரிமாறினேன். ஆச்சிப்பிள்ளை என்கிற அயல்வீட்டுக்காரி, "இந்தப் பிள்ளை மட்டும் இல்லாட்டி எங்களுக்கு ஒண்டுமே தெரிய வந்திராது" என்று என் தலையைத் தடவினார்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் வீடு மாறுகிறவன் ஆண்தான். வீடும் வளவும் பெண்ணுடையது. நானும் ஒரு பையில் உடுப்பும், மோட்டார் சைக்கிளில் கட்டிய கணினியுமாகக் கஜானியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடு, ரதீஸ் பூசிய சுவர். நல்ல பூச்சு. இன்னும் ஒரு வெடிப்பு இல்லை.

அவள் நல்ல மனைவி. அதிகம் பேசமாட்டாள். ஒருநாள் பகல் மணலை மீன் சொதி வைத்திருந்தாள். நாக்கு அவ்வளவு சந்தோசப்பட்டதில் என்னையறியாமல், "நெத்தலி, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று சொல்லிவிட்டேன்.

அகப்பை சட்டிக்கு மேலேயே நின்றது.

"அந்தப் பேர் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"மாமாதான் ஒருநாள் சொன்னார்" என்றேன்.

"ஓம், மாமா சொல்லியிருப்பார்" என்றாள். சொதியை ஊற்றினாள். அத்தோடு அந்தக் கதை முடிந்தது. தங்கராசா மாமாவுக்கு அந்தப் பெயர் தெரியுமா என்று அவள் போய்க் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கமாட்டாள். என்னைச் சந்தேகிக்கிற பிறவி இல்லை அவள்.

அதற்குப் பிறகுதான் கணினி பழகித் தாருங்கள் என்று வந்து நின்றாள். எனக்கு எவ்வளவு பெருமை. தமிழில் தட்டச்சு செய்ய நானே பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தேன். கெட்டிக்காரி, சீக்கிரமே பிடித்துக்கொண்டாள்.

நீங்கள் உங்கள் பட்டியலில் கண்டிருப்பீர்கள், தங்கச்சி, ரதீஸின் பக்கத்துக்கு இப்போது கோலாலம்பூரிலிருந்து யாரும் வருவதில்லை. வருகிறது ஒரே ஊரிலிருந்து, பெரியகல்லாற்றிலிருந்து, எங்கள் வீட்டிலிருந்துதான். நான் அலுவலகத்துக்குப் புறப்பட்ட பிறகு வரும். படம் பெரிதாகும். நெடுநேரம் அப்படியே நிற்கும். பிறகு பெட்டிக்குள் எழுத்து விழும்: 'நான் நெத்தலி. எங்க இரிக்கிறீங்க? என்னோட கோவமா?' பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழியும்.

தட்டச்சுப் பழகுகிறாள் என்றுதான் நினைக்கிறேன். புதிதாகப் பழகுகிறவர்கள் மனதில் வருகிறதை எழுதிப் பார்ப்பது வழக்கம்தானே. அதனால்தான் சொல்கிறேன், அந்த வரிகளை நீங்கள் எடுத்துவிட வேண்டாம். அவள் என்றாவது ஒருநாள் 'அனுப்பு' என்பதை அழுத்தினால் அது இன்னும் என் மின்னஞ்சலுக்குத்தான் வரும். அவள் மனம் நோகாதபடி, ரதீஸ் எழுதுகிற மாதிரியே ஒரு நல்ல பதில் எழுதி வைத்திருக்கிறேன்.