மூணு பத்தில் நின்ற கடிகாரம்

அக்கா: ...எல்லாரும் போட்டாச்சு. இருநூத்திப் பன்னெண்டு கையெழுத்து. கூடப் பொறந்தவன் கையெழுத்து மட்டும் இல்லன்னா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?

தம்பி: ஏணிய ஆட்டாதக்கா. கையில ஒயர் இருக்கு.

அக்கா: கரண்ட் ஆஃப் பண்ணித்தானே வச்சிருக்க?

தம்பி: பண்ணித்தான் வச்சிருக்கேன். நீ ஆட்டினா கீழ விழறது நானில்லையா?

அக்கா: அப்ப இறங்கி வா.

தம்பி: இறங்கினா பேனாவ நீட்டுவ.

அக்கா: நீட்டத்தான் செய்வேன். இந்த மார்க்கெட்டுக்கு நீதான் எலக்ட்ரீஷியன். நீயே போட்டுட்டா, கடிகாரத்த ஓட விடணும்ங்கற நகராட்சி ஆபீசர் வாயத் தொறக்க முடியாது. படிக்கிறேன், கேளு. "மேற்கூரை இடிந்து பதினேழு பேர் உயிரிழந்த நேரத்தைக் காட்டும் கடிகாரம், புதுக் கட்டடத்திலும் மூன்று பத்திலேயே நிற்க வேண்டும். அதை ஓட விடக் கூடாது." எப்படி?

தம்பி: நல்லாத்தான் இருக்கு. நீயே எழுதினதா?

அக்கா: பின்ன? நம்ம நினைவுக் குழு செக்ரட்டரிக்கு ஒரு வரி ஒழுங்கா எழுத வருமா?

தம்பி: பதினோரு வருஷமா இந்த மார்க்கெட்ல எவனுக்கும் மணி தெரியல. புதுசா வர்றவன் மூணு பத்துதானேன்னு நம்பி, நாலு மணி பஸ்ஸ விட்டுட்டு நிக்கறான்.

அக்கா: ஆளாளுக்கு கையில ஃபோன் இருக்கு. அதப் பாக்கட்டும்.

தம்பி: வெங்காயக் கடைக்காரம்மா என்ன கேக்குது தெரியுமா? "ஏன் தம்பி, செத்தவங்களுக்கு எதுக்கு மணி காட்டணும், நமக்குக் காட்டக் கூடாதா?"ங்குது.

அக்கா: அவ வீட்ல யாரும் போகல. அவ பேசுவா.

தம்பி: அவ மருமகன் போனான். உன் பட்டியல்ல பதினாலாவது பேரு.

அக்கா: பதினாலாவதா?

தம்பி: நீதானக்கா வருஷா வருஷம் படிக்கற?

அக்கா: படிக்கும்போது நம்பரா எண்ணிக்கிட்டு இருக்கேன்? பேசாம கீழ இறங்குடா.

தம்பி: இறங்கிட்டேன், போதுமா? அந்த ஸ்டூல்ல உக்காரு. கீழ கழட்டி வச்சிருக்கற கடிகாரத்து மேல பைய வைக்காத, புது மோட்டார் உள்ள இருக்கு... ஆமா, இந்த வருஷக் கூட்டம் என்னைக்கு?

அக்கா: என்னைக்கா? பன்னெண்டாம் தேதி. மூணு பத்துக்கு கடையெல்லாம் பாதி ஷட்டர் இறக்கணும், ரெண்டு நிமிஷம் எழுந்து நிக்கணும், நான் மைக்ல பேரு படிக்கணும். இதப் புதுசா சொல்லணுமா உனக்கு?

தம்பி: அன்னைக்கு உனக்கு வேற வேலை ஒண்ணும் இல்லையே?

அக்கா: உன்கிட்ட வந்து மூக்கச் சிந்தினாளா?

தம்பி: யாரு?

அக்கா: ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி கேக்காத. என் பொண்ணு.

தம்பி: மாமான்னு நான் ஒருத்தன் இருக்கேன். என்கிட்ட வராம வேற யார்கிட்ட போவா? அவ கட்டிக்கப் போற பையனுக்கு ஒரு வாரம்தான் லீவு. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல அந்த வாரத்துல கெடைச்சது அந்த ஒரு நாள்தான்.

அக்கா: அப்பா செத்த நாள்ல எவளாவது கல்யாணம் பண்ணிப்பாளா?

தம்பி: நீ அவகிட்ட அப்படிச் சொல்லியிருந்தாக்கூட அவளுக்கு மனசு ஆறியிருக்கும். "அன்னைக்கு எனக்குக் கூட்டம் இருக்கு"ன்னியாமே.

அக்கா: ...வாயில அப்படி வந்துடுச்சு.

தம்பி: பெத்த பொண்ணு கல்யாணத்துக்குக் கூட்டம் இருக்குன்னு... மந்திரிகூட அப்படிச் சொல்ல மாட்டாருக்கா.

அக்கா: கிண்டல் பண்ணாதடா. எனக்கு மட்டும் என்ன, சந்தோஷமாவா இருக்கு? நான் போகலன்னா அன்னைக்கு யாரு பேரு படிப்பா?

தம்பி: செக்ரட்டரி படிப்பாரு.

அக்கா: அவருக்கு ரெண்டு பேரு தப்பா வரும்.

தம்பி: வரட்டுமே. தப்பாப் படிச்சா செத்தவங்க எழுந்து வந்து சண்டை போடுவாங்களா?

அக்கா: டேய்!

தம்பி: சரி, சரி... வாய் நீண்டுடுச்சு. மன்னிச்சுக்கோ. ஆனா உன் பொண்ணு சொன்னத நீ கேக்கணும். "மாமா, எங்கப்பான்னா எனக்கு மைக்ல வர்ற ஏழாவது பேருதான். வீட்ல அவரப் பத்தி ஒரு பேச்சு கெடையாது. எப்படிச் சிரிப்பாரு, எதுக்குக் கோவப்படுவாரு, அம்மா ஒரு நாள் சொன்னதில்ல. வருஷத்துக்கு ஒரு தடவ ஸ்டேஜ்ல மட்டும் அழறாங்க"ன்னா.

அக்கா: அவளுக்கு அப்ப பதிமூணு வயசு. எல்லாம் ஞாபகம் இருக்கும்னு நினைச்சேன்...

தம்பி: பதினோரு வருஷமா நீ ஒண்ணும் சொல்லாம இருந்தா, எப்படிக்கா ஞாபகம் நிக்கும்?

அக்கா: சொல்ல ஆரம்பிச்சா கடைசியில அந்த நாளுக்குத்தான்டா வந்து நிக்குது. அதான் வாய மூடிக்கிட்டேன். சரி, அத விடு. பேனா இந்தா.

தம்பி: நான் போட மாட்டேன்.

அக்கா: ஏன்டா?

தம்பி: நான் வேற ஒரு தாள்ல போட்டுட்டேன்.

அக்கா: எந்தத் தாள்ல?

தம்பி: ரிஜிஸ்டர் ஆபீஸ் ஃபாரத்துல. சாட்சின்னு. பன்னெண்டாம் தேதி, மதியம் ரெண்டரைக்கு. நேத்தே குடுத்தாச்சு.

அக்கா: என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம...

தம்பி: கேட்டா என்ன சொல்லியிருப்ப?

அக்கா: ...கூட்டம் இருக்குன்னு சொல்லியிருப்பேன்.

தம்பி: பாத்தியா.

அக்கா: எல்லாரும் சேர்ந்து என்னை ஒதுக்கிட்டீங்க. போங்க. நான் கெளம்பறேன். நீ கையெழுத்து போடாட்டி என்ன, நாளைக்கு ஆபீசர் முன்னாடி இருநூத்திப் பன்னெண்டையும் வைக்கிறேன். உன் மோட்டாரக் கழட்டி வெளிய போடச் சொல்றேன்.

தம்பி: உக்காருக்கா.

அக்கா: உக்கார ஒண்ணும் இல்ல.

தம்பி: உக்காரு. பதினோரு வருஷமா நெஞ்சுல ஒண்ணு அடைச்சுக்கிட்டு இருக்கு. இன்னைக்குச் சொல்லலன்னா இனி சொல்ல மாட்டேன். சொன்னப்புறம் நீ என்னை அடி, திட்டு, தம்பியே இல்லன்னுகூடச் சொல்லு.

அக்கா: ...என்னடா?

தம்பி: அந்தக் கடிகாரம் கூரை விழுந்ததுல நிக்கல.

அக்கா: என்ன சொல்ற?

தம்பி: அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே நின்னுடுச்சு. மோட்டார் எரிஞ்சு போச்சு. மாத்த வேண்டியது நான்தான். நாளைக்குப் பாத்துக்கலாம், நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். ரெண்டு நாளும் கொட்டுற மழை. யாரும் அண்ணாந்து பாக்கல. கூரை விழுந்தப்ப நான் பல்பு வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். ஓடி வந்து பாக்கறேன், பேப்பர்காரன் ஒருத்தன் அந்தக் கடிகாரத்தப் படம் எடுத்துக்கிட்டு இருக்கான். மறுநாள் மொதப் பக்கத்துல வந்துடுச்சு. நெசமான நேரமும் கிட்டத்தட்ட அதுதான், பத்து இருபது நிமிஷம் முன்ன பின்ன. கரண்ட் இல்ல, ஃபோன் ஒழுங்கா போகல. எவனும் சந்தேகப்படல. அப்புறம் நீ மைக்கப் புடிச்சு "மூணு பத்துக்கு"ன்னு ஆரம்பிச்ச... நான் எங்க போய்ச் சொல்றது? சோம்பேறித்தனத்துல நின்ன கடிகாரத்துக்கு ஊரே எழுந்து நிக்குது. மச்சானுக்கு நான் பண்ணின மரியாதை அது. நீ பேரு படிக்கற ஒவ்வொரு தடவையும் எனக்குக் கூசுதுக்கா.

அக்கா: மோட்டார் கதை எனக்குத் தெரியாது.

தம்பி: தெரியாதுதான். யார்கிட்டயும் நான் சொல்லல.

அக்கா: ஆனா கூரை விழுந்தது மூணு பத்துக்கு இல்லன்னு தெரியும்.

தம்பி: என்னது?

அக்கா: மொத நாள்ல இருந்தே தெரியும்.

தம்பி: தெரிஞ்சுமா இத்தனை வருஷம்... அப்புறம் எதுக்குக்கா இந்தக் கையெழுத்து? எதுக்கு அந்தக் கடிகாரத்த ஓட விடாம இப்படிப் புடிச்சுத் தொங்கற?

அக்கா: மூணு இருபதுக்கு உன் மச்சான் எனக்கு ஃபோன் பண்ணாருடா. நான் வேலை பாக்கற ஸ்கூல் ஆபீஸ்ல அட்மிஷன் கூட்டம், தலைக்கு மேல வேலை. அப்படி என்ன பெரிய விஷயம், சாயங்காலம் பேசிக்கலாம்னு எடுக்காமலே கட் பண்ணிட்டேன். மார்க்கெட்ல அவரு கடைக்குள்ள சிக்னல் சரியா இருக்காது இல்ல... நான் எடுத்தா, "கேக்குதா, கேக்குதா"ன்னுக்கிட்டே மார்க்கெட் கேட்டுக்கு வெளிய நடந்து வந்துதான் பேசுவாரு. தெனமும் அப்படித்தான். நான் எடுத்திருந்தா அன்னைக்கும் வெளிய வந்திருப்பாருடா. கடிகாரம் மூணு பத்துன்னு காட்டுற வரைக்கும், மூணு பத்துக்கே எல்லாம் முடிஞ்சுடுச்சு, அந்த ஃபோன் எனக்கு வரவே இல்லன்னு நானே எனக்குச் சொல்லிக்கலாம். அதுக்குத்தான் இத்தனை கையெழுத்து. இதெல்லாம் என் பொண்ணுக்கு எப்படிடா சொல்வேன்? ...இல்ல, சொல்லிடறேன். அவளுக்குத்தான் மொதல்ல சொல்லியிருக்கணும். நீ அந்த மோட்டார ஓட விடு. என் ஃபோன் எங்க... பையில இருக்கு, எடு. அவளக் கூப்பிடறேன். அவளாவது எடுக்கணும்.